உன் மகளின் கவிதைகளைப் பற்றி

அன்பு நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளாவேளைக்கு விட்டுக்கொள், உன் சோம்பலை நான் அறிவேன். இங்கே மாப்பிள்ளைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, பேரனுக்குப் பள்ளி தேட வேண்டும், வீட்டில் எந்நேரமும் அந்தப் பேச்சுத்தான்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கவிதைகளை எல்லாம் படித்தேன். அப்பனைப் போல இல்லை, நன்றாக எழுதுகிறாள். தையல் மெஷினை விற்ற பிறகு தரையில் அதன் கால்கள் நின்ற தடத்தைப் பற்றி எழுதியிருக்கிறாளே, அதை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தடத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கப்புறம் வரும் மூன்று வரிகள், வாசகனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எழுதியவை. இதை அவளிடம் அப்படியே சொல். வருத்தப்பட்டால் என் பேரைச் சொல்லிவிடு.

அடுத்து, நீ பெருமையோடு எழுதியிருந்த அந்த விருது. கோபித்துக்கொள்ளாதே. 'பதிவுக் கட்டணம்' என்று பணம் வாங்கிக்கொண்டு, ஒரே மேடையில் ஐம்பது அறுபது பேருக்குச் சால்வை போர்த்தி, ஆளுக்கொரு பட்டமும் கேடயமும் கொடுத்துப் படம் எடுத்து அனுப்புவது இப்போது தனித் தொழிலாகவே நடக்கிறது. யார் தேர்வு செய்தார்கள், முன்பு யாருக்குக் கொடுத்தார்கள், அவர்களுடைய புத்தகத்தை யாராவது படித்திருக்கிறார்களா என்று விசாரித்துப் பார். பதில் வராது. கவிதை எழுதுகிறவரிடமே காசு கேட்கும் எதையும் நான் விருது என்று சொல்ல மாட்டேன்.

நல்ல விருதுகள் இல்லாமல் இல்லை. சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் யுவ புரஸ்காரை எடுத்துக்கொள். 2011 முதல் கொடுக்கிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாயும் செப்புப் பட்டயமும். தமிழில் அது நாவல், சிறுகதைக்குப் போன ஆண்டுகளும் உண்டு, கவிதைக்கு வந்த ஆண்டுகளும் உண்டு. 2013இல் கதிர்பாரதி, 2019இல் சபரிநாதன் வாங்கியதெல்லாம் கவிதைத் தொகுப்புகளுக்குத்தான். சபரிநாதனுக்கு அதற்கு முன்பே, 2017இல், மறைந்த கவிஞர் குமரகுருபரன் நினைவாக விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் இளம் கவிஞர்களுக்குக் கொடுக்கும் விருதும் கிடைத்திருந்தது.

ஆனால் யுவ புரஸ்காருக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. இந்த ஒரு எண் நம் இளைஞர்களைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. முப்பது தாண்டியதும் ரயிலைத் தவறவிடப் போகிறவர்கள் மாதிரி கையில் இருப்பதையெல்லாம் அள்ளிப் போட்டுப் புத்தகம் ஆக்கிவிடுகிறார்கள். உன் மகளுக்கு இருபத்தேழுதானே? என்ன அவசரம்?

சுந்தர ராமசாமியைப் பார். பசுவய்யா என்ற பெயரில் அவர் கவிதை சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' இதழில் வந்தது 1959இல். தொகுப்பு வந்தது 1975இல். பதினாறு வருஷம்! கவிஞர் ஆத்மாநாம் உயிரோடு இருந்தபோது வந்தது ஒரே ஒரு புத்தகம், 'காகிதத்தில் ஒரு கோடு'. அவர் போய் நாற்பது வருஷம் ஆன பிறகும் அவர் பெயரைச் சொல்லாமல் நவீன கவிதையைப் பற்றி யாராலும் பேச முடிவதில்லை. இன்றைக்கு ஆளுக்கு வருஷம் ஒரு தொகுப்பு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறதென்றால் அக்டோபரிலேயே அட்டைப்படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறார்கள், கவிதைகள் அதற்கப்புறம்தான் எழுதப்படுகின்றனவோ என்று எனக்குச் சந்தேகம்.

தொண்ணூறு கவிதை சேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நாற்பது போதும். எந்த நாற்பது என்பதை அவளும் முடிவு செய்யக் கூடாது, நீ கட்டாயம் கூடாது. நாவலுக்காவது இப்போது சில பதிப்பகங்களில் எடிட்டர் பார்க்கிறார். கவிதையில் கை வைக்க எல்லோருக்கும் கூச்சம். ஒற்றுப்பிழை பார்த்து அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதனால் அவளை நேரில் அறியாத, கவிதை படிக்கிற இரண்டு பேரிடம் கொடுத்துக் கழிக்கச் சொல்ல வேண்டும். இருவருமே கழித்ததைத் தயங்காமல் தூக்கிவிடலாம். ஒருவர் கழித்து மற்றவர் கொண்டாடிய கவிதை இருந்தால், அதை விடாதே என்பேன்.

பணம் கேட்ட பதிப்பாளர் பற்றிக் கேட்டிருந்தாய். சொந்தக் காசு போட்டுப் புத்தகம் போடுவது கேவலம் ஒன்றுமில்லை. பாரதியே 1908இல் 'ஸ்வதேச கீதங்கள்' தொகுப்பைத் தானேதான் வெளியிட்டார். சாவதற்கு முந்தைய வருஷம், 1920இல், தன் நூல்களைப் பத்தாயிரம் பிரதி வீதம் அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு கொண்டுபோக ஆசைப்பட்டு, கடன் கேட்டு ஊரெல்லாம் சுற்றறிக்கை அனுப்பினார். காசு வரவில்லை. செல்லப்பா புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். ஆக, காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஏமாறுவதில்தான் ஆட்சேபம். எத்தனை பிரதி அடிப்பார், அவளுக்கு எத்தனை தருவார், கடையில் வைப்பாரா, உரிமை யாரிடம் இருக்கும் என்பதை எழுதி வாங்கு. உரிமை அவளிடம்தான் இருக்க வேண்டும். 'நூலக ஆணை கிடைத்ததும் தருகிறேன்' என்று, அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவைக் காரணம் காட்டிச் சொன்னால் அந்தப் பணத்தை மறந்துவிடு. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரு பதிப்பாளருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, ஐம்பது பிரதியோடு இன்னும் காத்திருக்கிறான். இப்போது டிஜிட்டல் அச்சில் நூறு பிரதி மட்டும் கூடப் போட முடியும். பரணில் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்க வேண்டிய காலம் போய்விட்டது.

அணிந்துரை வேண்டாம். மூன்று பெரியவர்கள் சேர்ந்து வாழ்த்தினால் அப்புறம் வாசகனுக்கு என்ன வேலை?

தொகுப்பு வரும்வரை மாதத்துக்கு ஒன்றிரண்டு கவிதைகளை இதழ்களுக்கு அனுப்பட்டும். திரும்பி வந்தால் வரட்டும், பதிலே வராமலும் போகும். எது எங்கே, எந்த மாதம் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல். தொகுப்பு போடும்போது அந்தப் பட்டியல் வேண்டும், அப்போது தேடினால் ஒன்றும் அகப்படாது.

மொத்தக் கவிதைகளையும் எனக்கு அனுப்பு. போனில் வேண்டாம், காகிதத்தில் அச்செடுத்து, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுத இடம் விட்டு. கழிக்கிற இரண்டு பேரில் நான் ஒருவன் ஆக முடியாது, சின்ன வயதில் தூக்கி வளர்த்த பெண். ஆனால் கறாராகப் படிக்கிற ஒருவர் இங்கே இருக்கிறார், அவரிடம் கொடுக்கிறேன். பணம் கட்டும் கடைசித் தேதி பத்தாம் தேதி என்றாயே, அந்த விருதுக்காரர்களுக்கு மட்டும் அதற்குள் எதுவும் அனுப்பிவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்