குளிர்காலப் பருவமும் மீள்படிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூத மதக் கல்விக்கூடங்களான எஷிவாக்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, மாணவர்கள் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள் என்பதோடு நின்றுவிட்டது. அவர்களுடைய கல்வியாண்டு எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது என்பதைச் சொல்லாமல் அந்தப் படிப்பின் தன்மையை விளக்க இயலாது என்று கருதுகிறேன்.

யூத நாட்காட்டியின் எலூல் மாதத் தொடக்கத்திலிருந்து பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் வரை சுமார் 40 நாட்கள் ஒரு பருவம். பஸ்கா பண்டிகைக்குப் பின் தொடங்கி, எருசலேம் ஆலயத்தின் அழிவுக்காகத் துக்கம் காக்கும் ஆப் மாதம் 9ஆம் நாள் வரை கோடைப் பருவம். இவ்விரண்டையும்விட நீண்டது, ஹெஷ்வான் மாதத் தொடக்கத்திலிருந்து நிசான் மாதத் தொடக்கம் வரையிலான குளிர்காலப் பருவம். அது ஐந்து மாதங்கள் நீடிக்கும்; நிசானுக்கு முந்தைய ஆதார் மாதம் இருமுறை வரும் ஆண்டுகளில் ஆறு மாதங்களாகும். இடையில் ஹனுக்கா, பூரிம் ஆகிய பண்டிகைகள் வந்தாலும், வாரக்கணக்கில் படிப்பை நிறுத்திவைக்கும் விடுமுறை எதுவும் இல்லை. இரவுகளும் நீண்டவை. பகலிலும் இரவிலும் கற்பது கடமையே எனினும், ஒருவர் தம் ஞானத்தின் பெரும்பகுதியை இரவில்தான் அடைகிறார் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார்.

ஆனால் இந்த நீளமே ஏமாற்றவும் கூடும். யூதச் சட்டங்களும் அவற்றின் மீதான விவாதங்களும் அடங்கிய நூலான தால்முதின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் முதல் சில தாள்களை உரையாசிரியர் ராஷியின் உரையோடும், அவருக்குப் பின்வந்த அறிஞர்களின் குறிப்புகளான தோசஃபோத் எழுப்பும் கேள்விகளோடும் வாரக்கணக்கில் அலசிவிட்டு, ஆதார் வந்ததும் எஞ்சியவற்றின் மேல் ஓடுகிறவர் ஆழத்தையும் பரப்பையும் ஒருங்கே இழக்கிறார். ஆகவே, எதுவரை படிப்பது என்ற எல்லையையும், எதிரில் அமர்ந்து உரக்க வாசித்து மறுத்துரைக்கும் படிப்புத் துணைவர் யார் என்பதையும் பருவம் பிறக்குமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். இத்துணைவரை ஹவ்ரூதா என்பார்கள். இசைவான ஹவ்ரூதா அமையாவிட்டால் எத்தனை மணி நேரம் அமர்ந்தாலும் படிப்பு ஊன்றாது.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது மீள்படிப்பை. நூறு முறை திரும்பப் படித்தவர் நூற்றொரு முறை படித்தவருக்கு ஈடாகார் என்கிறது தால்முதின் ஹகிகா பகுதி. புதிய தாள்களைக் குறைத்துக்கொண்டாவது ஒவ்வொரு வார இறுதியையும் பருவத்தின் கடைசி வாரங்களையும் இதற்கென ஒதுக்குவதே சரி. பாடம் எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பதைப் பெருமையாகக் கொள்ளும் போக்கு எனக்கு உடன்பாடில்லை.

வேலைக்குச் செல்வோரும் இப்பருவத்தைப் பயன்படுத்தலாம். தால்முதில் பூரிமுக்குரிய மெகில்லா பகுதி 31 தாள்கள் மட்டுமே கொண்டது. ஹனுக்காவின் முதல் நாளில் தொடங்கி நாளுக்கு ஒரு பக்கம் வீதம் படித்தாலும் பூரிமுக்குள் முடிந்துவிடும். மீள்படிப்புக்கும் இரண்டு வாரங்கள் மிஞ்சும். ஹவ்ரூதா முறையில் இருவர் ஒரு பக்கத்தை எப்படி விவாதிக்கிறார்கள் என்பதை விளக்கும் கட்டுரை ஒன்றையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்