பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடத்துக்கு வாடகை யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாழடைந்த அரசுக் கட்டடம் ஒன்றின் படத்தைப் போட்டு, சுவரில் செடி முளைத்திருக்கிறது, இரவில் சமூக விரோதிகள் நடமாட்டம் இருக்கிறது, அதிகாரிகள் கண்டுகொள்வார்களா என்று கேட்டு முடிக்கிற செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. வாசகர்கள் சொல்லும் யோசனையும் ஏறக்குறைய ஒன்றுதான்: இடித்துவிடு, இல்லையென்றால் விற்றுவிடு. நான் கட்டடப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி விடுபட்டுப் போவதாக எனக்குத் தோன்றும். அந்தக் கட்டடம் சும்மா கிடப்பதால் எந்த அலுவலகத்தின் பட்ஜெட்டில் எவ்வளவு குறைகிறது? பெரும்பாலும் எதுவும் குறைவதில்லை. அதனால்தான் அது சும்மா கிடக்கிறது. அலட்சியம், சோம்பல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தனியார் ஒருவருடைய வீடு காலியாக இருந்தால் வாடகை வராத ஒவ்வொரு மாதமும் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். வரி கட்டியாக வேண்டும், கடன் வாங்கிக் கட்டியிருந்தால் தவணையும் உண்டு. அரசுத் துறைக்கு இந்தச் சங்கடம் கிடையாது. இடம் எந்தக் காலத்திலோ ஒதுக்கப்பட்டது, கட்டடம் எந்தத் திட்டத்திலோ எழும்பியது, அந்தப் பணம் செலவுக் கணக்கில் எழுதப்பட்டு முடிந்தும் போயிற்று. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துறைக்கு ஒன்றுதான். ஆனால் இதை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று யாராவது நினைத்தால் மட்டும் வேலை வந்து குவியும். பத்திரத்தைத் தேட வேண்டும் (பல நேரம் கிடைக்காது), எல்லையை அளக்க வேண்டும், மதிப்பீடு வாங்க வேண்டும், மேலிடத்துக்கு எழுத வேண்டும், நிதித் துறை கேட்கிற விளக்கத்துக்கெல்லாம் பதில் அனுப்ப வேண்டும், நிலுவையில் வழக்கு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு விற்ற பணம் பொதுக் கருவூலத்துக்குப் போனால் துறைக்குச் சல்லிக்காசு வராது. அதற்கும் மேலே தணிக்கை இருக்கிறது. ஏன் இந்த விலைக்குக் கொடுத்தாய், ஏன் இவருக்குக் கொடுத்தாய் என்று கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்ற பிறகுகூடக் கேள்வி வரும். பூட்டைப் போட்டுச் சாவியை மேசைக்குள் வைத்தவரை யாரும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் பூட்டைத்தான் போட்டிருப்பேன்.

பின்னால் தேவைப்படும் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். வெள்ளம், தொற்றுநோய் என்று வரும்போது கையிருப்பில் இடம் வேண்டும்தான். ஆனால் கையிருப்பு என்றால் திறந்தவுடன் ஆள் உட்காருகிற நிலையில் இருக்க வேண்டும். கூரை ஒழுகி, மின்சாரம் துண்டிக்கப்பட்ட இடத்தைக் கையிருப்பு என்று எழுதிவைப்பது கோப்புக்காகச் சொல்கிற பொய்.

சரி, அப்படியானால் காலிக் கட்டடத்துக்குச் செலவே இல்லையா என்றால், இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் கட்டடத்தின் உடம்பில் ஏறுகிறது. பழசானதால் கெட்டுப்போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் வயதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாயை நாலு சருகு அடைத்துக்கொள்ளும். ஆள் புழங்குகிற கட்டடமாக இருந்தால் காவலாளியோ துப்புரவு செய்பவரோ கையால் அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விடுவார், அதை ஒரு வேலையாகக்கூட யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி, தளத்தில் உள்ள மயிரிழை விரிசல்கள் வழியாக இறங்கி உள்ளே இருக்கிற கம்பியைத் தொடும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில்தான் கூரையின் அடிப்பக்கக் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கைப்பிடிச் சுவர் இடுக்கில் பறவை எச்சத்தோடு விழுந்த விதை வேர் பிடிக்கும். விரலளவு இருக்கும்போது பிடுங்கிவிடலாம், மணிக்கட்டு பருமன் ஆகிவிட்டால் சுவரைப் பிரித்துத்தான் எடுக்க முடியும். ஜன்னலைத் திறக்காததால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை படரும், மரச்சட்டங்களுக்குக் கரையான் வரும். குழாய்களில் தேங்கிய தண்ணீரில் நிமோனியா வரவழைக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர இடம் உண்டு, நெடுநாள் மூடிக்கிடந்த கட்டடத்தைத் திறக்கும்போது முதலில் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவச் சொல்வது அதனால்தான். அப்புறம் ஒரு நாள் யாரோ செம்புக்காகச் சுவருக்குள் இருக்கும் வயரையெல்லாம் உருவிக்கொண்டு போய்விடுவார்கள். கதை அநேகமாக அங்கே முடிந்தது. மறுபடியும் வயரிங் செய்ய, தளத்தைச் சரிசெய்ய என்று மதிப்பீடு போட்டால் வருகிற தொகையைப் பார்த்துத்தான் 'பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது' என்ற குறிப்பு கோப்பில் ஏறுகிறது. அதற்குள் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியிருப்பார்கள். அடிக்கல்லுக்குக் கல்வெட்டு உண்டு. சருகு அள்ளியதற்குக் கல்வெட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

முழுக்கக் காலியாக இருப்பதாவது வெளியே தெரியும். பாதி காலியாக இருப்பதுதான் தெரியாது. வாசலில் காவலர் இருப்பார், பெயர்ப்பலகை இருக்கும், மாடியில் விளக்கும் எரியும். உள்ளே போனால் இரண்டு அறையில் ஆட்கள், எட்டு அறையில் உடைந்த நாற்காலிகளும் ஏலத்துக்குக் காத்திருக்கும் பழைய கணினிகளும். எல்லா நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், மத்திய அரசின் சொத்து நிர்வாகத்தை 2003-லேயே அபாயப் பட்டியலில், அதாவது வீண்செலவுக்கும் முறைகேட்டுக்கும் அதிக இடமுள்ளவை என்று அது வைத்திருக்கும் பட்டியலில், சேர்த்துவிட்டது. இருபது வருடம் கழித்து 2023-ல் 24 பெரிய துறைகளின் தலைமை அலுவலகங்களை எடுத்துப் பார்த்தால், அதில் 17 துறைகள் சராசரியாகத் தங்கள் கட்டடத்தின் கொள்ளளவில் 25 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் பயன்படுத்திக்கொண்டிருந்தன. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்த்ததும் ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு முன்பே பிரச்சினை இருந்தது. அலுவலகக் கட்டடங்களை இயக்கவும் பராமரிக்கவும் அங்கே வருடத்துக்குச் சுமார் 200 கோடி டாலர் போகிறது, ஆள் வந்தாலும் வராவிட்டாலும். கடைசியில் 2025 ஜனவரியில், குறைந்தது 60 சதவீதமாவது பயன்பாடு இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். எத்தனை பேர் உண்மையில் வந்து உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வைக்கவே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

ஆகவே என் யோசனை எளிமையானது, துறைகளுக்குப் பிடிக்காதது. தாங்கள் வைத்திருக்கும் இடத்துக்கு அவை வாடகை கொடுக்கட்டும். இது நானாகக் கண்டுபிடித்ததில்லை. நியூசிலாந்தில் 1991 முதல் அரசுத் துறைகள் தங்களிடம் முடங்கியிருக்கும் மூலதனத்துக்குக் கருவூலத்துக்குக் கட்டணம் கட்டும் முறை வந்தது. ஜெர்மனியில் 2005-ல் மத்திய அரசின் கட்டடங்களுக்கென்று தனி நிறுவனம் தொடங்கி, சொத்துகளைப் படிப்படியாக அதன் பெயருக்கு மாற்றினார்கள், அங்கே இருக்கும் அலுவலகங்கள் அந்த நிறுவனத்துக்கு வாடகை கட்டுகின்றன. இதைக் கேட்டவுடன் அரசின் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதில் என்ன லாபம் என்று சிலர் சிரிக்கலாம். ஒவ்வொரு பைக்குள்ளும் வேறு வேறு அதிகாரியின் கை இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எட்டு காலி அறைக்கான வாடகை தன் துறைக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து போகிறது என்று தெரிந்தால் அந்த உடைந்த நாற்காலிகள் ஒரே மாதத்தில் ஏலத்துக்குப் போய்விடும். கூடவே விட்டுக்கொடுக்கும் துறைக்கு விற்ற பணத்திலோ வாடகையிலோ ஒரு பங்கு கிடைக்க வேண்டும். குச்சி மட்டும் காட்டினால் ஆள் இருப்பதுபோல் பதிவேட்டில் காட்டக் கற்றுக்கொள்வார்கள், அதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

வாடகை முறை வர வருடங்கள் ஆகும். அதுவரை என்ன செய்வது? தற்காலிகமாக உள்ளே ஆட்களை விட வேண்டும். விட்டால் அப்புறம் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம்தான் இதற்குப் பெரிய தடை, அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பாரிஸில் மூடப்பட்ட சேன் வேன்சான் டி போல் மருத்துவமனை வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புதுக் குடியிருப்பு வரப்போகிறது என்று முடிவாகியிருந்தது, வேலை தொடங்க வருடங்கள் ஆகும் என்ற நிலை. இடைப்பட்ட காலத்துக்கு வளாகத்தைத் தொண்டு அமைப்புகளிடம் கொடுத்தார்கள். 2015-லிருந்து 2020 வரை வீடில்லாத சுமார் 600 பேர் வரை அங்கே தங்கினார்கள், கைவினைஞர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் குறைந்த கட்டணத்தில் அறைகள் கிடைத்தன. காலம் முடிந்ததும் இடத்தை ஒப்படைத்தார்கள், கட்டுமானம் தொடங்கியது. எப்போது உள்ளே, எப்போது வெளியே என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேதி இல்லாமல் வாய்ச்சொல்லில் உள்ளே விட்ட இடங்களில்தான் பின்னால் வழக்கு வருகிறது.

நெதர்லாந்தில் வேறு மாதிரி. காலிக் கட்டடத்தில் காவலுக்குப் பதிலாகக் குறைந்த கட்டணத்துக்கு ஆட்களைத் தங்க வைக்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. கட்டடம் கெடாது, அத்துமீறி யாரும் நுழையவும் முடியாது. ஆனால் தங்குபவருக்கு வாடகைதாரருக்குரிய உரிமை பெரிதாக ஒன்றும் இல்லை, குறுகிய அவகாசத்தில் மூட்டையைக் கட்டச் சொல்லலாம். கட்டடத்தைக் காப்பாற்ற மனிதரைப் பூட்டாக உபயோகிப்பது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் வழி. குழந்தைகள் எண்ணிக்கை குறைந்ததால் 2002-க்கும் 2020-க்கும் இடையில் அங்கே சுமார் 8,500 பொதுப் பள்ளிகள் மூடப்பட்டன. கட்டடம் மிச்சமிருக்கும் பள்ளிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஏதோ ஒரு உபயோகத்தில் இருக்கிறது. காரணம், அவர்களுடைய கல்வி அமைச்சகம் 2010-ல் ஒரு சாதாரணக் காரியத்தைச் செய்தது: உபயோகிக்க ஆள் தேடும் பள்ளிகளின் பட்டியலை விவரங்களோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. ஷிகோகு தீவில் முரோட்டோ என்ற ஊரில் மூடிய தொடக்கப் பள்ளி ஒன்று 2018-ல் மீன் காட்சியகமாகிவிட்டது. பிள்ளைகள் நீந்திய குளத்தில் இப்போது கடலாமையும் சுறாவும் நீந்துகின்றன. எந்தக் குழு உட்கார்ந்து யோசித்தாலும் இது தோன்றியிருக்குமா? பட்டியல் வெளியே வந்தால்தான் யோசனை உள்ளே வரும்.

விற்றுவிடு என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் உபரிக் கட்டடங்களை வேகமாக விற்பதற்காக 2016-ல் சட்டம் போட்டு ஒரு வாரியம் அமைத்தார்கள். அது முதல் சுற்றில் விற்கச் சொன்னவற்றில் சியாட்டிலில் இருந்த தேசிய ஆவணக் காப்பகக் கட்டடமும் ஒன்று. காகிதத்தில் பார்த்தால் பழுது நிறைய, நிலத்துக்கோ நல்ல மதிப்பு, விற்கத் தோன்றும். ஆனால் அதற்குள் இருந்தவை வடமேற்குப் பகுதிப் பூர்வகுடிகளின் ஒப்பந்த ஆவணங்கள், வம்சாவளிப் பதிவுகள், சீனர்கள் குடியேறத் தடை இருந்த காலத்து விசாரணைக் கோப்புகள். அவற்றை ஆயிரம் மைலுக்கும் அப்பால் கொண்டுபோகத் திட்டம். அந்த மக்களை முறையாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூர்வகுடி அமைப்புகளும் மாநிலங்களும் வழக்குப் போட்டன, 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை போட்டது, ஏப்ரலில் அரசே அனுமதியைத் திரும்பப் பெற்றது. குறைந்த பயன்பாடு என்று தலையை எண்ணி மட்டும் முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். என்னைக் கேட்டால் விற்பதைவிட நீண்ட காலக் குத்தகை நல்லது. இத்தாலி தன் பழைய கலங்கரை விளக்கங்களை 2015-லிருந்து அப்படித்தான் ஏலத்தில் விடுகிறது, அதிகபட்சம் 50 வருடம். பழுது பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு, சொத்து அரசுடையதாகவே இருக்கும். இன்றைக்கு விற்றுவிட்டு நாளைக்கு அதே இடத்துக்குப் பத்து மடங்கு இழப்பீடு கொடுத்து நிலம் எடுக்கிற கூத்து இதில் இல்லை.

ஸ்காட்லாந்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் கெடு. ஒரு பொதுக் கட்டடத்தைத் தங்களிடம் தரும்படி உள்ளூர் மக்கள் அமைப்பு விண்ணப்பித்தால் பொது அமைப்பு ஆறு மாதத்துக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும், மறுப்பதானால் தகுந்த காரணம் காட்ட வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். மனு பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே வரியில் தலைமுறையைக் கடத்த முடியாது.

கடைசியாகப் பத்திரிகையிடமே ஒரு கோரிக்கை. அடுத்த முறை பாழடைந்த கட்டடத்தின் படம் போடும்போது செடி முளைத்த சுவரோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசியாக ஆள் இருந்தது எந்த வருடம், சாவி இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது, காவலுக்கும் மின் இணைப்புக்கும் வருடத்துக்கு எவ்வளவு போகிறது, அதே துறை பக்கத்தில் எங்காவது வாடகைக் கட்டடத்தில் இருக்கிறதா, இருந்தால் வாடகை எவ்வளவு? இந்த நாலு கேள்வியையும் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் வரவில்லை என்றால் கேள்வி அனுப்பிய தேதியைப் போடுங்கள், மறுமாதமும் அதே தேதியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பராமரிப்புப் பணியாளர் ஒருவர்