அரிசி டப்பா மேல் ஒரு 555 நோட்டு

ஈசூன், சிங்கப்பூர்
9 நவம்பர் 2025

அன்புள்ள மல்லி,

நீ அனுப்பிய மூன்று குரல்பதிவையும் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டேன். நடுவில் உங்கள் தெருவில் யாரோ கீரை விற்கிற சத்தம், உன் அம்மா உன்னைத் திட்டுகிற சத்தம், எல்லாம் சேர்ந்து வந்தது. நானும் பேசியே அனுப்பியிருப்பேன். ஆனால் எங்கள் நாலறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மற்ற மூன்று மூலைக்கும் கேட்கும். இது எழுதவேண்டிய விஷயம்.

உன் தம்பிக்கு வேலை போய்விட்டது, அவன் பெண்டாட்டி தினமும் உனக்கு போன் போட்டு அழுகிறாள் என்கிறாய். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாய் பார், "சுமதி, உன் வீட்டுக்காரர்தான் நல்ல இடத்தில இருக்காரே, அவர்கிட்டச் சொல்லி ஏதாவது பார்க்கச் சொல்லேன்" என்று. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நல்ல இடமெல்லாம் இல்லை, மல்லி. அவரையும் அனுப்பிவிட்டார்கள். மார்ச்சில். எட்டு மாதமாக உன்னிடம் வாயே திறக்கவில்லை நான்.

கோபித்துக்கொள். ஆனால் மிச்சத்தையும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்குக் காய்ச்சல், எம்சி, அதுதான் மெடிக்கல் லீவு, எடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். பதினொன்றரை மணிக்குக் கேட் திறக்கிற சத்தம். உள்ளே வந்து, குடையை மாட்டி, தண்ணீர் குடித்துவிட்டு, "எங்க டிபார்ட்மென்ட்டையே பினாங்குக்கு மாத்துறாங்களாம்" என்றார். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து அவர் திரும்பக் கொண்டுவந்தது அந்தக் குடையும் ஒரு ப்ளாஸ்க்கும்தான். வருஷத்துக்கு இரண்டு வாரச் சம்பளம் கணக்குப் போட்டு, 38 வாரப் பணம் கொடுத்தார்கள். சட்டப்படி அது கட்டாயம்கூடக் கிடையாது, கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். சரி என்றேன். மாமியாரிடம் "லீவு நிறைய மிச்சம் இருக்கு, எடுக்கச் சொல்றாங்க" என்று ஆரம்பித்தோம். நாலு மாதம் யாருக்கடீ லீவு கொடுப்பார்கள்? அந்த மார்ச் 29ஆம் தேதிதான் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி. மாமியார் வாக்கியப் பஞ்சாங்கக்காரர், அவருக்கு அது அடுத்த வருஷம்தான். கம்பெனி திருக்கணிதம் பார்க்கிற கம்பெனி போலிருக்கிறது என்று நான் சொன்னதற்கு, அந்த மாதத்திலேயே முதல் தடவையாகச் சிரித்தார்.

முதலில் உன் தம்பிக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் புராணம். அவன் சிட்டிசன் ஆகிவிட்டான் இல்லையா? போன பன்னிரண்டு மாதத்தில் சராசரிச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் போகவில்லை என்றால், வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஜாப்சீக்கர் சப்போர்ட் என்று இந்த ஏப்ரலில் ஆரம்பித்திருக்கிறார்கள், அதற்கு உடனே எழுதிப்போடச் சொல். முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, அடுத்து 1,000, கடைசி மூன்று மாதம் 750, ஆக ஆறு மாதத்துக்கு 6,000 வரைக்கும். சும்மா தர மாட்டார்கள். வேலைக்கு விண்ணப்பித்தேன், ஆலோசகரைப் பார்த்தேன், வகுப்புக்குப் போனேன் என்று மாதாமாதம் புள்ளிக்கணக்கு காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் "பிச்சை" என்று ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தார். மகள்தான் போனைப் பிடுங்கி எழுதிப்போட்டாள். ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் பெயரில் இருக்கிற கட்டடத்துக்கு, தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியின் வேலை தேட உதவுகிற இ2ஐ நிலையத்துக்கு, அவரைத் தள்ளிக்கொண்டு போனதும் அவள்தான்.

இன்னொன்று, உன் தம்பி பெண்டாட்டி கவனிக்க வேண்டியது. வீட்டுக் கடன் மசேநியிலிருந்து, அதுதான் மத்திய சேம நிதி, போகிறதென்றால் கையில் காசு குறைவது தெரியவே தெரியாது. சம்பளம் நின்றால் மசேநிக்குப் புதிதாக எதுவும் வராது, ஆட்குறைப்புப் பணத்துக்கும் மசேநி கிடையாது. ஆனால் தவணை மட்டும் மாதாமாதம் அதே கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் மிச்சத்தைப் பார்த்தால் திக்கென்று இருக்கும், எங்களுக்கு இருந்தது. தவணை தவறுவதற்கு முன்னாலேயே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கிளைக்குப் போய்ப் பேசச் சொல். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்புறுதியும் வேலையோடு போய்விடும். அரசாங்கக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் மட்டும், மசேநியில் மருத்துவத்துக்கென்று இருக்கிற மெடிசேவிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

காசு விஷயம் அவ்வளவுதான். மெய்யாகவே சொல்கிறேன், எங்களைக் காசு சாய்க்கவில்லை.

நாள் முழுக்க வீட்டில் இருக்கிற ஆளுக்குக் கை சும்மா இருக்குமா? அடுக்களைக்குள் வந்தார். மசாலா டப்பா எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார். தேதியோடு! கிடங்குத் திட்டம் போட்டே பழகின புத்தி. நான் சீரகத்தை எடுக்க மூன்று தட்டைத் திறக்க வேண்டியதாயிற்று. ஆனால் அவர் வைக்கிற சாம்பார் என் சாம்பாரைவிட நன்றாக இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். பாலர் பள்ளியில் இருபது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, அந்த நல்ல சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னைக்கு யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்பேன். தினமும். அந்தக் கேள்வியை அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பளத் தேதியில் கடன்காரன் வாசலில் வந்து நிற்பானே, அப்படித்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

மகன் கட்டாயத் தேசியச் சேவையில் இருக்கிறான். ஒரு வாரக்கடைசி வந்தவன் மேசைமேல் 200 வெள்ளி வைத்துவிட்டுப் போனான். அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை, விடு.

ஜூன் மாதம். பள்ளி விடுமுறை, வெக்கை தாங்க முடியாத ஒரு மதியம். நான் உள்ளே நுழைகிறேன், ஹாலில் ஏர்கான் ஓடுகிறது, அவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு இன்டர்வியூ முடிந்த கையோடு இருந்திருக்கிறார் என்று அப்புறம்தான் தெரியும். நான் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, "கரன்ட் பில்லு யாரு கட்டுறான்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

அதற்கப்புறம் அரிசி டப்பா மேல் ஒரு 555 நோட்டு வந்து உட்கார்ந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், நம் புளோக் கீழே மளிகைக் கடையில் நம் அம்மாக்கள் கடன் எழுதுவார்களே, சட்டைப்பையில் அடங்குகிற அந்தச் சின்ன நோட்டு. இன்னும் விற்கிறார்கள். சாமான் கணக்கு எழுதுகிறார் போல என்று நினைத்தேன், தொடவில்லை. தேசிய தினத்தன்று சாயங்காலம், டிவியில் பாடாங் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அரிசி களையப் போனவள் அதைத் தள்ளி வைக்கும்போது திறந்துகொண்டது.

இடது பக்கம் செலவு. காப்பி-ஓ 1.30. முடிவெட்டு 12. தக்காளி 1.80. 4டி லாட்டரி 2.00 என்று எழுதி அடித்திருந்தார். அடித்தாலும் படிக்க முடிந்தது. வலது பக்கம் வரவு. ஜாப்சீக்கர் 1,250. எஸ்ஜி60 பற்றுச்சீட்டு 600, நாட்டின் அறுபதாம் ஆண்டுக்கு அரசாங்கம் கொடுத்தது. அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், அதே நேர்க்கோட்டில், "சுமதியிடம் வாங்கியது 50."

பக்கத்தைத் திருப்பினேன். "சுமதியிடம் வாங்கியது 30." "சுமதியிடம் வாங்கியது 50."

ஜூலை கடைசியிலிருந்து ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் நான் பையைத் திறப்பதற்குள் அவர் போனை நீட்டி பற்றுச்சீட்டில் கட்டிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அரசாங்கம் தருகிற சிடிசி பற்றுச்சீட்டு குடும்பத்துக்குப் பொதுவாக வருவது. எஸ்ஜி60 ஆளுக்கு ஆள் தனியாக வந்தது. அந்த 600 வெள்ளி அவருடையது. அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது சொல்கிறேன், இதுதான் குரல்பதிவில் சொல்ல முடியாதது. எனக்கு அது பிடித்திருந்தது, மல்லி. அவர் வந்து "ஒரு அம்பது இருக்குமா?" என்று கேட்பதும், நான் கொஞ்சம் தாமதித்து, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பர்ஸை எடுப்பதும். இருபத்திரண்டு வருஷமாக எதை வாங்கினாலும் "எவ்வளவு?" என்று கேட்டவர் அவர். சேலையின் விலையில் முப்பது வெள்ளியைக் குறைத்துச் சொல்லியே பழகினவள் நான். திடீரென்று நாற்காலி மாறியது. அவர் கஷ்டத்தில் நான் பாதியைச் சுமக்கிறேன் என்று ஊருக்குத் தெரியாமல் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அதே நேரம் உள்ளுக்குள் பழைய பாக்கியை வசூல் பண்ணிக்கொண்டும் இருந்திருக்கிறேன். நல்ல மனைவி என்று நீ என்னைச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். அன்று ராத்திரி பேனாவை எடுத்து, இடது பக்கத்தில் அவர் கணக்குக்குக் கீழே என் கணக்கை எழுதினேன். பஸ் கார்டு 20. டீச்சர் பிறந்தநாள் பங்கு 10. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஃபேஷியல் 88. அது அவருக்கு மட்டுமில்லை, மகளுக்கே தெரியாது.

மறுநாள் காலையில் அடுக்களையிலிருந்து ஒரே சத்தம். "எம்பத்தெட்டு வெள்ளியா! மூஞ்சிக்கா?" மகள் ஓடி வருகிறாள். "அது பேக்கேஜ், இல்லேன்னா நூத்தியிருவது" என்று நான் சண்டைக்கு நிற்கிறேன். மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அடுத்த வாரமே வேறு எதற்கோ இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் ஒன்று செய்தோம், அவர் பணம், என் சம்பளம் இரண்டையும் ஒரே கூட்டுக் கணக்கில் போட்டோம், கார்டு ஆளுக்கொன்று. கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. குடும்பச் சேவை நிலையத்தில் பேசிப் பார்க்கலாம் என்றும் கூப்பிட்டேன். "எனக்கு வேலைதான் இல்ல, புத்தி இருக்கு" என்றார். நான் மட்டும் இரண்டு தடவை போய்வந்தேன். உன் தம்பி பெண்டாட்டியும் போகலாம், அவன் வராவிட்டாலும்.

செப்டம்பரில் ஒரு மருத்துவமனைப் பொருள்கிடங்கில் வேலை கிடைத்தது. ஒரு வருஷ ஒப்பந்தம், 3,400. முன்பு வாங்கியது 4,700. மேலதிகாரிக்கு வயது இருபத்தொன்பதாம், "அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறானாம். சப்போர்ட் பணம் நாலு மாதம் வந்தது, வேலை கிடைத்ததும் நின்றது. ஒரு வருஷம் கழித்து என்ன என்று நாங்கள் இருவருமே பேசுவதில்லை. அந்தப் பேச்சும் ஒரு நாள் வரும்.

தீபாவளிக்கு மாமியார் வீட்டில் பதினெட்டுப் பேர். முறுக்குத் தட்டு கைமாறும்போது நாத்தனார், "அண்ணே, லீவு முடிஞ்சிருச்சா?" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்கு வயிறு கலங்கியது. அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "மார்ச்லயே அனுப்பிட்டாங்க. இப்ப வேற இடம், சம்பளம் கம்மி" என்றார். மாமியார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை எள் விளக்குப் போடச் சொன்னார். அவ்வளவுதான். இதற்காகவா ஏழு மாதம் நாடகம் ஆடினோம்?

உன் தம்பி விஷயத்தை நேற்று ராத்திரி அவரிடம் சொன்னேன். "வர்ற சனிக்கிழமை செங்காங்ல அவன் வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்றார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். "போய் என்ன சொல்லப்போறீங்க?" என்றேன். "ஒண்ணும் சொல்ல மாட்டேன். கீழ காப்பிக்கடையில கொண்டுபோய் உக்கார வைப்பேன். காப்பிக்கு அவனைக் காசு கொடுக்கச் சொல்லுவேன்" என்றார்.

ஆகவே தம்பி வீட்டு புளோக் நம்பரையும் யூனிட் நம்பரையும் அனுப்பு. அவனிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடாதே. சொன்னால் அன்றைக்கு வீட்டில் இருக்க மாட்டான். இவர் அப்படி இரண்டு தடவை மறைந்திருக்கிறார், எனக்குத் தெரியும்.

உன்,
சுமதி

பி.கு: அம்மாவின் முழங்காலுக்கு நீ கேட்ட கோடாலித் தைலம் ஆறு பாட்டில் வாங்கிவிட்டேன். நோட்டில் எழுதியாயிற்று.