ஊதாப் பேனாவின் உண்மையான விலை: பேராசிரியர் ராபர்ட் கப்லனுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் ராபர்ட் கப்லன் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் வணிகவியல் மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியலும் (ஒரு பொருளைச் செய்ய என்ன செலவாகிறது என்ற கணக்கு) மேலாண்மைக் கணக்கியலும் நடத்துகிறேன். ஆண்டுதோறும் முதல் வகுப்பில், இந்தப் பாடத்தில் கற்பனைக்கு இடம் உண்டா என்று கேட்பேன். கணக்கில் கற்பனை புகுந்தால் ஜெயில்தான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சத்யம் நிறுவனத்தின் பொய்க்கணக்கு 2009-இல் வெளிவந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்வார்கள்? முதலீட்டாளருக்கும் வரித்துறைக்கும் காட்டும் கணக்கில் கற்பனை கூடாதுதான். ஆனால் நிறுவனத்துக்குள் முடிவெடுப்பவருக்காகப் போடும் கணக்கில், எதை அளப்பது, எதைக் கொண்டு அளப்பது என்பதை ஒருவர் யோசித்துக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த யோசனை இல்லாத இடத்தில், ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தும் கணக்கு தவறான வழியைக் காட்டிவிடுகிறது. இதை எனக்குப் புரியவைத்தவை உங்கள் எழுத்துகள். அதற்கு நன்றி சொல்லவும், ஒரு கேள்வி கேட்கவுமே இந்தக் கடிதம்; என் மாணவர்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

1988-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ராபின் கூப்பரும் நீங்களும் எழுதிய கட்டுரையில் வரும் இரண்டு பேனா ஆலைகளை நான் எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஓர் ஆலை ஆண்டுக்குப் பத்து லட்சம் நீலப் பேனாக்களைச் செய்கிறது. மற்றதும் அதே பத்து லட்சம்தான் செய்கிறது, ஆனால் அதில் நீலம் 1,00,000 மட்டுமே. மீதி ஆயிரம் வகைகள் வரை போகிறது, சில வகைகளில் ஆண்டுக்கு 500 பேனாதான். அந்த 500-ஐ வகுப்பில் நான் ஊதா என்று வைத்துக்கொள்வேன். மேற்செலவை, அதாவது எந்த ஒரு பொருளின் கணக்கிலும் நேராகச் சேர்க்க முடியாத பொதுச் செலவை, உற்பத்தி அளவை வைத்துப் பிரித்தால் நீலத்தின் தலையில் 10 விழுக்காடும், ஊதாவின் தலையில் 0.05 விழுக்காடும் விழும். ஆனால் ஊதாவுக்கும் இயந்திரத்தை நிறுத்திக் கழுவ வேண்டும், மை மாற்ற வேண்டும், முதல் சில பேனாக்களை எழுதிப் பார்க்க வேண்டும், தனி ஆர்டர் போட வேண்டும், கிடங்கில் தனி இடம் ஒதுக்க வேண்டும். 500 செய்தாலும் ஒரு லட்சம் செய்தாலும் ஒரு தடவைக்கு ஆகும் இந்த வேலை ஒன்றுதான். ஊதாவின் செலவை நீலம் சுமக்க, ஊதாவில் நல்ல லாபம் என்று நம்பி நிர்வாகம் இன்னும் பத்து நிறங்களைச் சேர்க்கிறது. மொத்தச் செலவில் ஒரு பைசாவும் மாறாமல், 'எப்படிப் பிரிப்பது' என்ற கேள்வியை எடுத்துவிட்டு 'எதனால் வந்தது' என்ற கேள்வியை நீங்கள் வைத்தீர்கள். படைப்பாற்றல் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது இதைத்தான்.

சென்ற ஆண்டு அவர்களை ஒரு பம்ப் பட்டறைக்கு அழைத்துச் சென்றேன். பன்னிரண்டு உருப்படிகளுக்கான ஓர் ஆர்டருக்காக லேத்தில் செட்டிங் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசல் வேலை அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரம் எந்தக் கணக்கில் ஏறும் என்று ஒரு மாணவி கேட்டார். பட்டறைக்காரர் கொஞ்சம் யோசித்து, "எல்லாத்துலயும்தாம்மா" என்றார். உங்கள் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது.

1987-இல் தாமஸ் ஜான்சனும் நீங்களும் எழுதிய நூல், அன்று புழக்கத்தில் இருந்த மேலாண்மைக் கணக்கு முறைகள் ஏறக்குறைய அனைத்தும் 1925-க்குள்ளேயே உருவாகிவிட்டவை என்று காட்டியது. அதன் பிறகு இத்துறைப் பேராசிரியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி அதிலிருந்து தானாக எழுகிறது. உங்கள் விடையை 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் கண்டேன். நிறுவனங்களில் நடப்பதைப் போய்ப் பார்ப்பது, அங்கே முளைத்திருக்கும் புதிய வழிக்கு வடிவம் கொடுப்பது, அதை வகுப்பிலும் மேடையிலும் சொல்வது, எழுதுவது, வேறு நிறுவனங்களில் நடைமுறைப்படுத்திப் பார்த்துத் திருத்துவது என்று ஆய்வை ஒரு சுழற்சியாக விவரித்திருந்தீர்கள். கற்பிப்பதும் அந்தச் சுழற்சிக்குள்ளேயே இருந்தது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கும் என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

எனினும் எனக்கு உங்கள் மேல் மதிப்பு மிகக் கூடியது 2004-இல்தான். 'எதனால் வந்தது' என்று கேட்டு, செலவை அதை உண்டாக்கிய வேலைகளின் வழியே பொருள்களில் சேர்க்கும் செயல்பாடு சார்ந்த அடக்கவிலை முறை உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த முறை. அதன் பெரிய குறையை ஸ்டீவன் ஆண்டர்சனுடன் சேர்ந்து நீங்களே எழுதினீர்கள். எந்த வேலைக்கு எத்தனை விழுக்காடு நேரம் போகிறது என்று ஊழியர்களைக் கேட்டால், எல்லோரும் கூட்டுத்தொகை நூறு வருமாறுதான் சொல்வார்கள். சும்மா இருந்த நேரத்தை யாரும் எழுதுவதில்லை. உங்கள் உதாரணத்தில் வரும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் காலாண்டுச் செலவு 5,60,000 டாலர், 28 ஊழியர்கள், நடைமுறையில் கிடைக்கும் நேரம் 7,00,000 நிமிடம். ஆக நிமிடத்துக்கு 80 சென்ட். ஓர் ஆர்டருக்கு 8 நிமிடம், ஒரு விசாரணைக்கு 44, ஒரு கடன் தகுதிச் சோதனைக்கு 50 என்று வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை நடந்தது என்பதால் பெருக்கிக் கூட்டிப் பார்த்தால், பயன்பட்ட நேரம் 83 விழுக்காடுதான். பழைய கணக்கில் அந்த 17 விழுக்காடு கண்ணுக்கே தெரியாமல் வாடிக்கையாளர் தலையில் ஏறியிருந்தது. தான் கட்டிய வீட்டின் சுவரைத் தானே இடித்து ஜன்னல் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஜான்சன் பின்னாளில் டொயோட்டாவின் உற்பத்தி முறையைப் பார்த்து, இந்த முறைகளையே கடுமையாக விமர்சித்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். அந்த விவாதத்தையும் வகுப்பில் நடத்துகிறேன்.

இனி என் கேள்வி. எங்கள் தேர்வுகளில் மேற்செலவை எந்த அடிப்படையில் பிரிப்பது என்று வினாத்தாளிலேயே கொடுத்துவிடுவார்கள். மாணவர் பெருக்கி வகுத்தால் போதும். பட்டறையில் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே மாணவி, ஒரு தேர்வில், கொடுக்கப்பட்ட அடிப்படை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று நான்கு வரி காரணம் எழுதி, செட்டிங் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். பதினைந்து மதிப்பெண் கேள்விக்குப் பூஜ்யம் கிடைத்தது. திருத்தியவரைக் குறை சொல்ல என்னால் இயலவில்லை. அவர் கையில் இருந்த விடைக்குறிப்பில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. எண் தவறி, கேள்வி சரியாக அமைந்த ஒரு விடைத்தாளுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் நீங்கள் வகுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதை எங்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அதே பட்டறைக்கு மீண்டும் போகிறோம். இரண்டு மணி நேரம் நின்று பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஸ்டாப்வாட்ச் அந்த மாணவியின் கையில் இருக்கும்.

மிக்க மரியாதையுடன்,
கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆசிரியர்