வாலிபர் முகாம் நடத்தும் ஐயாமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான ஐயாமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

மே மாதம் வந்தால் முகாம் தொடங்கிவிடும், அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். கடைசி நாள் ராத்திரி எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது, பிரசங்கியாராகவோ மிஷனெரியாகவோ முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்பீர்கள். பதினேழு வயதில் நானும் நின்றேன். அழுதது உண்மை, கர்த்தரை நேசித்ததும் உண்மை. ஆனால் உனக்கு என்ன வரும், என்ன வராது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழுதான மோட்டாரைப் பிரித்துக் கொடுத்தால் சாப்பாடு மறந்துபோகும். அப்புறம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தேன், முதல் பத்து வருடமும் அழைப்பை விட்டு ஓடிய யோனா நான்தான் என்ற குற்ற உணர்வோடே கம்பி சுற்றினேன்.

கொல்லிமலையில் 1914-இல் மிஷனெரி குடும்பத்தில் பிறந்த பால் பிராண்டை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் ரத்தமும் சீழும் கண்டு அருவருத்தவர், டாக்டர் வேலையே வேண்டாம் என்று இங்கிலாந்தில் சில வருடம் கட்டட வேலை பழகினார், மிஷனெரியாகப் போய்க் கட்டலாம் என்ற எண்ணத்தில். அதற்குத் தயாராகும்போது கொஞ்சம் மருத்துவமும் படிக்கப் போன இடத்தில்தான் மனம் மாறியது. 1946-இல் வேலூருக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றித் தைத்து மறுபடி வேலை செய்ய வைத்தார். உளி பிடித்த பழக்கம் அங்கே வீணாகவில்லை என்றே நான் நம்புகிறேன். ஒரே ராத்திரியில் தெளிந்த அழைப்பா அது?

மோசேயிடம் கர்த்தர் கையில் இருப்பது என்ன என்று கேட்டார், இருந்தது ஒரு கோல். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கர்த்தரை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகத் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று யாத்திராகமம் பேர் சொல்லிக் காட்டுகிற பெசலெயேல் பிரசங்கியார் இல்லை. பொன், வெள்ளி, கல், மரம் எல்லாவற்றிலும் கைவேலை தெரிந்தவர்.

ஊழியத்துக்குப் போக வேண்டியவர்கள் போகட்டும், அந்த அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு மதியம் முழுக்கப் பிள்ளைகளைச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்து, எந்த வேலையில் நேரம் போவது தெரிவதில்லை, யாருடைய கஷ்டத்தைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை, வீட்டில் எதற்கு உன்னைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். கூட இருக்கிற சிநேகிதரும் பதில் சொல்லட்டும், நம்மிடம் இருப்பது பல நேரம் நம் கண்ணுக்குத் தெரியாது. சபையில் இருக்கிற நர்ஸ் அக்காவையும் பஸ் ஓட்டுகிற அண்ணனையும் சாட்சி சொல்ல வையுங்கள். எழுந்து நின்ற பிள்ளைகளின் பேரை நோட்டில் எழுதுகிறீர்களே, ஆறு மாதம் கழித்து அதை எடுத்து ஒவ்வொருவரையும் வீட்டில் போய்ப் பாருங்கள். என் பேரையும் எழுதினார்கள், யாரும் வரவில்லை.

கூப்பிட்டால் நானும் வருகிறேன். மேடையில் பேச வேண்டாம், அந்தக் குழுக்களில் ஒன்றில் உட்கார்ந்து பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரன்