பழைய வேலூர் மாவட்டக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மாவட்டம் மூன்றாகிவிட்டாலும் நமக்குப் பாடப்புத்தகம் ஒன்றுதான். அதனால் மூன்று மாவட்டத்தாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். குடியாத்தத்தில் மாலை வகுப்பு எடுப்பவள் நான். 40–44, 45–49 என்பதுபோலப் பிரிவுகளாகத் தொகுத்த விவரங்களுக்குக் கூட்டுச் சராசரி காணும்போது பிள்ளைகள் ஒவ்வொரு பிரிவின் இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து, "மையப்புள்ளி வந்துடுச்சு" என்கிறார்கள். அந்த எண்கள் எண்ணி வந்தவையா, அளந்து வந்தவையா என்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்கப் பழக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் ஊர்த் தீப்பெட்டியில் குச்சிகளை எண்ணி 40–44, 45–49 என்று பிரித்தால் மையம் 42, 47. இதில் சிக்கல் இல்லை, நாற்பத்து நாலரைக் குச்சி என்று ஒன்று கிடையாது.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எடை போட்டால் அப்படியில்லை. 40–50, 50–60 கிராம் என்று பிரித்தால் மையம் 45, 55. சரியாக 50 கிராம் உள்ள காய் இரண்டாவது பிரிவில் சேரும். எடையை அருகிலுள்ள முழு கிராமுக்கு மாற்றி 40–49 என்று எழுதியிருந்தால், அந்தப் பிரிவு உண்மையில் 39.5 முதல் 49.5 வரை; மையம் 44.5. "திருத்தாமலே அதே விடை வருதே, அப்புறம் எதுக்குக் கீழ் எல்லையில 0.5 கழிச்சு, மேல் எல்லையில 0.5 கூட்டணும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மையப்புள்ளிக்கு அந்தத் திருத்தம் தேவையில்லைதான். நிகழ்வுச் செவ்வகம் (இடைவெளி விடாமல் ஒட்டி வரையும் பட்டைப் படம்) வரையவும், இடைநிலை அளவுக்கு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்புக்கு) கீழ் எல்லை எடுக்கவும்தான் அது வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் திருத்தம் வெறும் சடங்காகிவிடும்.

என்னை இந்த மடல் எழுத வைத்தது வயதுக் கணக்கு. நாளைக்கு 20 நிறைகிறது என்றாலும் இன்று 19 என்றுதான் எழுதுகிறோம். அப்படி முடிந்த வயதைக் குறித்திருந்தால் 10–19 என்ற பிரிவில் 10 நிறைந்தவர் முதல் 20 நிறையாதவர் வரை எல்லாரும் அடக்கம். மையம் 15, 14.5 அல்ல. நம் பெரியவர்களோ "19 முடிஞ்சு 20 நடக்குது" என்பார்கள். நடக்கும் வயதைக் குறித்திருந்தால் அதே பிரிவு 9 முதல் 19 வரை, மையம் 14. அருகிலுள்ள முழு வயதுக்கு மாற்றியிருந்தால்தான் 14.5. தாளில் இருப்பது அதே 10–19தான், எப்படிக் கேட்டு எழுதினார்கள் என்பதைப் பொறுத்து மையம் மாறுகிறது.

எல்லாப் பிரிவிலும் அரை வயது குறைந்தால் சராசரியும் அரை வயது குறையும். மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் மட்டும் மாறாது. பெரியவர்கள் பட்டியலில் அரை வயது பெரிதாகத் தெரியாமல் போகலாம். 0–4 வயதுக் குழந்தைகளுக்கு மையம் 2 என்பதற்கும் 2.5 என்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை.

ஆகவே, வயதுக் கணக்கு வரும் வினாத்தாளில் "முடிந்த வயது" என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாத தாளில், காரணம் எழுதி 15 என்று விடை தரும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியை