உத்தேச விடையை மறுக்கும் முன்: எஸ்ஐ தேர்வு எழுதிய ஒரு முதல்நிலைக் காவலருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பணியில் இருக்கும் காவலர்களுக்கான 20 சதவீதத் துறை ஒதுக்கீட்டில் எஸ்ஐ தேர்வு எழுதிவிட்டு, உத்தேச விடை (இறுதி செய்யும் முன் வெளியிடப்படும் விடைப் பட்டியல்) வெளியான நாளிலிருந்து ஒரே ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். பந்தோபஸ்துக்கும் இரவு ரோந்துக்கும் நடுவே படித்து எழுதிய தேர்வு. சரியான விடைக்கு மதிப்பெண் இல்லை என்றால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலை மனுவில் கொட்டிவிடாதீர்கள். உங்கள் மனு தேர்வை நடத்தும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்குப் போய், அங்கிருந்து வல்லுநர் குழுவின் மேசைக்குப் போகும். அவர்கள் பார்ப்பது, சட்ட நூலில் அந்த வரி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான்.

ஒரு மாதிரிக் கேள்வியை வைத்தே சொல்கிறேன். 2024 ஜூன் 30 இரவு ஒரு பைக் திருட்டு. ஜூலை 2 காலை புகார் வருகிறது. எந்தப் பிரிவில் வழக்குப் பதிய வேண்டும்? நீங்கள் ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 379 என்று குறித்தீர்கள்; உத்தேச விடை பிஎன்எஸ் (அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 303(2) என்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தது ஜூலை 1. குற்றம் அதற்கு முன்பு நடந்தது. செய்த நாளில் எந்தச் சட்டம் அமலில் இருந்ததோ, அதன்படிதான் தண்டிக்க முடியும் என்கிறது அரசமைப்புச் சட்டம் 20(1). ஐபிசியை நீக்கிய பிஎன்எஸ் 358-வது பிரிவே பழைய குற்றங்களுக்கான பொறுப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் எஃப்ஐஆர் பதியும் நடைமுறை ஜூலை 2 அன்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-தான். குற்றப் பிரிவு பழையது, நடைமுறை புதியது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மனுவில் இரண்டையும் குழப்பி எழுதினால், சரியான ஆட்சேபணையும் தள்ளுபடியாகிவிடும்.

இன்னொரு வகை, அமலுக்கே வராத பிரிவு. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்கிற பிஎன்எஸ் 106(2)-ஐப் பல கைடுகள் அச்சிட்டிருக்கின்றன. ஜூலை 1 அன்று மற்றப் பிரிவுகள் அமலானபோது அது மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதை விடையாகக் கொண்ட வினாவை மறுக்க, சட்டத்தின் நகலோடு, அமலாகும் தேதியைச் சொன்ன கெசட் அறிவிக்கையின் நகலும் வேண்டும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்புப் பிழை. பிஎன்எஸ்எஸ் 35(7)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில், உடல் நலிந்தவரையோ 60 வயதுக்கு மேற்பட்டவரையோ கைது செய்ய டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். தமிழ் வினாவில் ‘3 ஆண்டு வரை’ என்று அச்சானால் பொருளே மாறிவிடும். 303(2) திருட்டுக்கு 3 ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதால் அது இந்தப் பாதுகாப்புக்குள் வராது. இப்படிப்பட்ட வினாவில் தமிழ் வாசகம், ஆங்கில வாசகம் இரண்டையும் அருகருகே எடுத்து எழுதுங்கள். எந்த மொழி வாசகம் இறுதியானது என்று தேர்வு அறிவிப்பிலும் வினாத்தாளின் முகப்பிலும் என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இனி மனு. ஒரு வினாவுக்கு ஒரு தாள். உங்கள் வினாத்தொகுப்பின் வரிசை எழுத்து, அதில் அந்த வினாவின் எண், உத்தேச விடை வெளியான தொகுப்பில் அதே வினாவின் எண் மூன்றையும் எழுதுங்கள். எண் மாறினால் குழு வேறு வினாவைத்தான் எடுத்துப் பார்க்கும். பிறகு உத்தேச விடை, நீங்கள் சொல்லும் விடை, காரணம். காரணம் நான்கைந்து வரியைத் தாண்ட வேண்டாம். ஆதாரமாக அரசிதழ் அல்லது பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத மூலச் சட்ட நூல்) பக்கத்தின் நகலை இணைத்து, உரிய வரியைக் கோடிட்டுக் காட்டுங்கள். பிஎன்எஸ் 2023-ஆம் ஆண்டின் 45-ஆவது சட்டம், பிஎன்எஸ்எஸ் 46, புதிய சாட்சியச் சட்டம் 47. அந்த எண்ணையும் குறிப்பிடுங்கள். கைடு பக்கமும் கோச்சிங் சென்டர் வெளியிட்ட கீயும் ஆதாரமாக நிற்காது. உங்கள் ஸ்டேஷன் எஃப்ஐஆர் நகலை இணைக்கவே இணைக்காதீர்கள். அது நடைமுறையைக் காட்டுமே தவிரச் சட்டத்தைக் காட்டாது. அலுவலக ஆவணத்தை வெளியே எடுத்த வம்பும் வந்து சேரும்.

கடைசி வரியில் என்ன கேட்கிறீர்கள் என்பது மிக முக்கியம். பெரும்பாலானோர் ‘இந்த வினாவுக்கு அனைவருக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது உங்களுக்கே நஷ்டம். தவறான விடையைக் குறித்து ஏற்கெனவே மதிப்பெண் பெற்றவர் அதைத் தக்கவைத்துக்கொள்வார், இரண்டும் இல்லாமல் வேறெதையோ குறித்தவரும் உங்களோடு சேர்ந்து மேலே வருவார், கட்-ஆஃபும் ஏறும். உங்கள் விடைதான் சரி என்று சட்டமே சொல்லும்போது ‘விடையைத் திருத்துக’ என்று மட்டும் கேளுங்கள். இரண்டு விடையும் பொருந்தினால் இரண்டையும் ஏற்கச் சொல்லுங்கள். எந்த விடையும் பொருந்தாவிட்டால் மட்டுமே நீக்கச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் போகலாம் என்று நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள். 1983-இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் கடுமையானது: அதிகாரப்பூர்வ விடை சரி என்றே கொள்ளப்படும், அந்தத் துறையை நன்கு அறிந்த, நியாயமாகச் சிந்திக்கும் எவரும் அதைச் சரியென்று சொல்லமாட்டார் என்ற அளவுக்குத் தவறு பளிச்சென்று தெரிய வேண்டும். நீண்ட விளக்கத்தால் நிறுவும் தவறு போதாது. 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில், சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே என்றும் சொல்லிவிட்டது. ஆகவே 20(1)-உம் 358-உம் போலக் கையில் வரி இருந்தால் மட்டும் ரிட் மனுவைப் (அரசு அமைப்பின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) பற்றி யோசியுங்கள். இறுதித் தேர்வுப் பட்டியல் வந்து, பணி நியமனமும் ஆன பிறகு போனால், தேர்வானவர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். தாமதமே மனுவைக் கொன்றுவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஓஎம்ஆர் (வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாள்) நகலைக் கேட்கலாம். மதிப்பிட்ட விடைத்தாளைத் தேர்வர் பார்க்கலாம் என்பது 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். ஆட்சேபணைக்கான கெடுவுக்குள் அது கைக்கு வராது, அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வினாத்தொகுப்பையும் ஓஎம்ஆர் கார்பன் நகலையும் வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இருந்திருந்தால், அவற்றை இன்றே தேடி எடுத்து ஒரு கவரில் போடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் வாரியத்தைத் திட்டி எழுதாதீர்கள்; சீருடையில் இருப்பவருக்கு நடத்தை விதிகள் உண்டு.

கெடு முடிவதற்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ரிட் போட நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்